ஓதமேறிய வீடும் அதனைச் சோதிப்பாரும்

புயலும் பெருமழையும் ஓய்ந்து வெயில் முகங்காட்டிய பின்னரே பூஞ்சணத்தின் காலம் தொடங்குகின்றது. கூரையினின்று சொட்டும் நீரை நாம் காண்கின்றோம்; அது நின்றவுடன் ஆறுதல் அடைகின்றோம். சுவரினுள்ளும், பரணிலுள்ள சாக்குகளிலும், அலமாரியின் முதுகுப்புறத்திலும் தங்கிவிட்ட நீரோ கண்ணுக்குப் புலனாவதில்லை. பத்து நாள் சென்று, மூடிக்கிடந்த அறையைத் திறக்குங்கால் மக்கிய வாடை ஒன்று எழும். அப்பொழுது வீட்டார் வெள்ளையடிப்பவரை அழைப்பர். அவரை அழைக்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அஃது என்ன, அதனை யார் செய்தல் தகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போடிநாயக்கனூர் வட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ராசிங்காபுரம் இப்பொருளை ஆராய்தற்கு ஏற்றதோர் இடமாகும். மலையின் மழைமறைவில் இருத்தலின், தென்மேற்குப் பருவமழை இவ்வூருக்குப் பெரும்பாலும் காற்றும் சாரலுமாகவே எட்டும். நிறைந்த மழை ஐப்பசி கார்த்திகையில் வருவதே. மேலே, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களிலோ ஆனி ஆடியில் வானம் திறந்தால் வாரக்கணக்கில் மூடுவதில்லை. இப்பகுதியில் கீழே வீடும் மேலே தோட்டமும் உடையார் பலர். மலைக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் அவரினும் பலர். எனவே, ஒரே குடும்பம் இருவகை ஈரத்தையும் அறிந்திருக்கின்றது. 2018ஆம் ஆண்டில் இவ்விரண்டும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மாவட்ட மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 1992க்குப் பின் முதன்முறையாக ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டன. பின்னர் நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தின் அருகே கரையேறி, மேற்கு நோக்கித் தமிழகத்தின் உள்நாட்டைக் கடந்து கேரளத்திற்குள் சென்றது. கடற்கரையை அறியாத மலையடிவார ஊர்களும் அன்று புயல் என்பதன் பொருளை அறிந்தன.

இனிப் பூஞ்சணம் இன்னது எனக் காண்போம். அது செடியும் அன்று, விலங்கும் அன்று. காளான் முதலியன அடங்கிய தனிக்குலத்தைச் சார்ந்தது. பச்சையம் இன்மையால் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ள மாட்டாது. மரம், காகிதம், தோல், பஞ்சு, சுவர்மேற் படிந்த தூசி ஆகிய எவற்றையேனும் அரித்து உண்டு வாழும். அதன் வித்துக்கள் தூசியினும் நுண்ணியவை. நாம் உட்கொள்ளும் காற்றில் எப்பொழுதும் மிதந்துகொண்டே இருப்பவை. அவ்வித்துக்கள் முற்றும் இல்லாத வீடு உலகில் இல்லை. உணவும் வெப்பமும் எவ்வீட்டிலும் உள. குறைவது நீர் ஒன்றே. அந்நீர் கிடைத்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிடின் வித்து முளைக்கத் தொடங்கும். ஆதலின் பூஞ்சணத்தை ஆராய்தல் என்பது உண்மையில் நீரின் வழியை ஆராய்தலே ஆகும். இவ்வொன்றை மனத்திற் கொண்டால், பின்வருவன யாவும் எளிதின் விளங்கும்.

இதனை ஏலக்காய் வாணிகம் செய்வாருக்கு விளக்கவேண்டுவதில்லை. செடியினின்று பறித்த பச்சைக்காயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். ஸ்டோரில் மெல்லிய சூட்டில் ஒரு பகலும் இரவும் உலர்த்தி, அதனைப் பத்தில் ஒரு பங்களவிற்குக் கொண்டுவருகின்றனர். ஐந்து கிலோ காய் ஒரு கிலோவிற்குச் சற்று மிகையாக நிற்பது இதனாலேயே. காயைக் கையிற் குலுக்கி, உள்ளே விதை ஒலிப்பதைக் கேட்டே உலர்வை மதிப்பிடும் முதியோர் போடிச் சந்தையில் உண்டு. உலராத காயை மூட்டை கட்டினால் நிகழ்வது என்ன என்பதையும் அவர்கள் அறிவர். அம்மூட்டைக்கு நிகழ்வதே, ஈரம் உலராமல் வர்ணம் பூசிய சுவருக்கும் நிகழ்கின்றது. காய் விஷயத்தில் இத்துணை நுட்பம் காட்டும் நாம் சுவர் விஷயத்தில் அதிற் பாதியும் காட்டாமை வியப்பே.

வீட்டினுள் நீர் வரும் வழிகள் மூன்று. மேலிருந்து வருவது முதலாவது. ஓடு நகர்தல், தளத்தின் வெடிப்பு, இறவாரத்துத் தகரம் பெயர்தல், புயற்காற்று மழையைச் சுவரின் மேல் பக்கவாட்டில் அறைதல் ஆகியன இதில் அடங்கும். இக்கறை மேலே அகன்று கீழே குறுகும். மழை பெய்த மறுநாள் கருக்கும், வெயிலில் வெளிறும். கீழிருந்து ஏறுவது இரண்டாவது. இதனையே நம்மவர் ஓதம் என்பர். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நீர் கல்லிலும் செங்கல்லிலும் உள்ள நுண்துளைகள் வழியே ஏறும். தரையை ஒட்டித் தொடங்கி, இரண்டு மூன்று அடி உயரத்தில் அலைபோன்றதொரு விளிம்பில் முடியும். அவ்விளிம்பில் உப்புப் பூத்துச் சுவர் பொரியும். மூன்றாவது, காற்றிலிருந்தே இறங்குவது. பலரும் மறந்துவிடுவது இதனையே. 24 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உடைய காற்று, ஏறக்குறைய 20 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொடுமாயின், அதிலுள்ள ஆவி நீராய்த் துளிர்க்கும். அவ்வளவுகூட வேண்டா, சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாட்கணக்கில் 80 சதவீதத்தின் மேல் நின்றாலே பூஞ்சணம் வளரும். மலைமேல் உள்ள வீடுகளில் வடபுறச் சுவரிலும், சுவரோடு ஒட்டி நிறுத்திய பீரோவின் பின்னும், அடுப்படிக்கு அடுத்த அறையிலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றுவது பெரும்பாலும் இவ்வழியாலேயே. கூரையை எத்துணை முறை செப்பனிட்டாலும் இது தீராது. ஓதத்தைக் கூரைக்குற்றம் என்றும், பனிநீரை ஓதம் என்றும் மாறிக்கருதிப் பொருளிழந்த வீடுகள் பல.

இங்குதான் சோதிப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. நம் ஊர்களில் வீட்டுச்சுவரைப் பார்க்க வருபவர் எவர்? வர்ணம் பூசுவோர் வந்தால் வர்ணமே குறை என்பர். தளத்திற்கு நீர்த்தடைப் பூச்சு விற்பவர் தளமே குறை என்பர். கொத்தனார் சுவரை உடைத்துப் பூசவேண்டும் என்பர். இவர்கள் பொய்யர் அல்லர். தம் கைக்குப் பழகிய கருவியின் வழியாகவே ஒவ்வொருவரும் உலகைக் காண்கின்றனர். ஆயினும், நோயை அறிபவரே மருந்தையும் விற்பவராயின், விற்கும் மருந்துக்கேற்ற நோயையே அறிவர் என்பது மனித இயல்பு. ஏலக்காயைத் தரம் பிரிப்பவரும் அதனை வாங்குபவரும் ஒருவரேயாயின் தோட்டக்காரர் ஒப்புவரோ? சுவருக்கு மட்டும் ஒப்புகின்றோம்.

இந்நியாயம் மிகப் பழமையானது. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் கறைகண்ட வீட்டைச் சோதிக்கும் முறை விரிவாக உளது. வீட்டுக்காரன் ஆசாரியனுக்கு அறிவிக்கவேண்டும்; அவன் வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை ஒழித்து வைக்கவேண்டும். பச்சையும் சிவப்புமான கறை மேற்பரப்பினும் ஆழ்ந்திருக்கின்றதா என அவன் பார்த்து, வீட்டை ஏழுநாள் பூட்டி வைத்து, மீண்டும் வந்து காண்பான். படர்ந்திருந்தால் அப்பகுதிக் கற்களைப் பெயர்த்து, சுற்றிலும் சுரண்டி, வேறு கல்லும் புதுச்சாந்தும் இடப்படும். அதன்பின்னும் கறை திரும்பினால் வீடே இடிக்கப்படும். அக்கறை ஒருவகைப் பூஞ்சணமே எனக் கருதுவார் பலர். சமயப்பொருளை ஒருபுறம் வைத்து, முறையை மட்டும் நோக்குக: உடனே தீர்ப்புக் கூறாமை, நாள் இட்டு மறுமுறை பார்த்தல், கறையின் ஆழத்தை நோக்குதல், திரும்ப வருகின்றதா எனக் காணுதல். சாந்து விற்பவன் கையில் தீர்ப்பு இல்லை என்பதும் கருதற்பாலது.

நம் காலத்திலும் சில நாடுகள் இதனைச் சட்டமாக்கியுள்ளன. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பூஞ்சணத்தைச் சோதிப்பவருக்கும் அகற்றுபவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். ஒரே வேலையில் ஒருவரே இரண்டையும் செய்தல் கூடாது. புளோரிடாவிலும், சோதித்தவர் தாம் சோதித்த கட்டடத்தில் 12 மாதத்திற்குள் அகற்றும் வேலையை ஏற்றல் தடுக்கப்பட்டுள்ளது. அவை இரண்டும் மெக்ஸிகோ வளைகுடாவின் புயல்களால் அடிக்கடி அல்லலுறும் மாநிலங்கள் என்பதை நோக்குக. நம் ஊர்களிலோ இத்தொழில் தனியே வளரவில்லை. எனவே இங்குப் பக்கச்சார்பற்ற சோதகராய் நிற்கத்தக்கவர் வீட்டில் வாழ்பவரே. விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வீடு நலமுறின் நலமுறுபவரும் அவரே. அவருக்கு வேண்டுவன சில எளிய கருவிகளும், ஒரு குறிப்பேடும், கொஞ்சம் பொறுமையும்.

கருவிகளுள் முதன்மையானது ஈரமானி. கடிகாரம்போன்ற சிறிய மின்னணு ஈரமானிகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அது காட்டும் எண்ணை அப்படியே நம்புதல் ஆகாது. அதன் நேர்மையை அறிய ஒரு சோதனை உண்டு. நம் பௌதிக மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சிறு மூடியில் சமையல் உப்பை இட்டுச் சில துளி நீர் விட்டு, கரையாமல் குழைந்து நிற்கும்படி செய்க. அதனையும் ஈரமானியையும் காற்றுப்புகாத டப்பாவில் ஒன்றாக இட்டு மூடி, ஓரிரவு வைத்திருக்க. டப்பாவிலுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இஃது இயற்கை விதி. ஈரமானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கின்றது என அறிந்து, பின்வரும் அளவுகளோடு ஐந்தைக் கூட்டிக்கொள்க. இவ்வாறு திருத்திய கருவியை ஒவ்வோர் அறையிலும் காலை, நண்பகல், இரவு மூவேளையும் வைத்து ஒரு வாரம் எழுதுக. அறையின் ஈரப்பதம் 60க்குக் கீழ் நிற்பின் நன்று. ஓர் அறை மட்டும் ஏனையவற்றினும் பத்துப் பதினைந்து மிகுந்து நிற்பின், நீரின் ஊற்று அவ்வறையிலேயே உளது.

அடுத்தது பாலித்தீன் தாள். ஓரடிச் சதுரத் தாளைச் சந்தேகிக்கும் சுவரின்மேல் விரித்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப்புகாமல் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவைக்க. நீர்த்துளிகள் தாளின் சுவர்ப்புறத்தில் தோன்றினால் நீர் சுவரினின்று வருகின்றது. அறைப்புறத்தில் தோன்றினால் காற்றினின்று வருகின்றது. ஓதத்தையும் பனிநீரையும் வேறுபடுத்த இதனினும் மலிவான வழி இல்லை. கொத்தனாருக்குக் கூலி பேசுமுன் இதனைச் செய்துவிடுதல் நன்று.

வெண்மையாய்ப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சணமா என்னும் ஐயம் அடிக்கடி எழும். அதன்மேல் ஒரு துளி நீர் விடுக. உப்பாயின் கரைந்து மறையும். பூஞ்சணமாயின் நனைந்து படிந்து கிடக்கும். கறுத்திருப்பது புகைக்கரியா, பூஞ்சணமா என்பதற்கு வெளுப்புநீர் ஒரு துளி போதும்; பூஞ்சணம் ஓரிரு நிமிடத்தில் வெளிறும், புகைக்கரி மாறாது. விறகடுப்பு எரிந்த பழைய வீடுகளில் இச்சோதனை மிகவும் பயன்படும். எச்சரிக்கை ஒன்று: வெளுப்புநீரைக் கழிவறை கழுவும் அமிலத்தோடும் நவச்சார வாடையுள்ள நீர்மங்களோடும் ஒருபோதும் கலத்தல் ஆகாது, எழும் நச்சுவாயு உயிருக்கே கேடு.

இவற்றோடு ஒரு பென்சிலும் வேண்டும். கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, நாளை அதனருகே எழுதுக. ஒரு நிழற்படமும் எடுத்துக்கொள்க. ஏழு நாளிலும், அடுத்த மழைக்குப் பின்னும் மீண்டும் பார்க்க. கோட்டைத் தாண்டிப் படர்ந்திருப்பின் நீர் இன்னும் வருகின்றது. கோட்டினுள்ளே நின்று உலர்ந்திருப்பின், அது புயல் விட்டுச்சென்ற வடு மட்டுமே. கழுவித் துடைத்தால் போதும். மூக்கையும் மறத்தல் ஆகாது. வீட்டிலேயே இருப்பவர் மூக்கு அவ்வாடைக்குப் பழகிவிடும்; இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்பியவுடன், கதவைத் திறந்த அந்நொடியில் மூக்கு கூறுவதே மெய்.

இவ்வளவும் செய்தார்க்கு, ‘இஃது எவ்வகைப் பூஞ்சணம்? நஞ்சுடையதோ?’ என்னும் அச்சம் எஞ்சும். அச்சத்தை விற்பாரும் உளர். 2021ஆம் ஆண்டில் கோவிட் நோய்க்குப் பின் ‘கறுப்புப் பூஞ்சை’ என்னும் கொடுநோய் பலரைத் தாக்கியபோது, குளியலறைச் சுவரின் கறுப்பைக் கண்டு நடுங்கினார் பலர். அந்நோய் மியூக்கர் வகையைச் சார்ந்த பூஞ்சைகளால் வருவது. அது தாக்கிய உடற்பகுதி கறுத்துச் சாதலின் அப்பெயர் எழுந்தது. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதிருந்தோரையும் ஸ்டீராய்டு மருந்துகளால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோரையுமே அது பெரிதும் பற்றியது. சுவரின் நிறத்திற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இத்தகைய மற்றொரு செய்தியும் உண்டு. 1837இல் கோர்டா என்னும் அறிஞர் பிராக் நகரத்துச் சுவர்க்காகிதத்தில் கண்டு விவரித்த ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கரும்பூஞ்சணம், 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில குழந்தைகளின் நுரையீரலில் குருதி கசிந்தமைக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையமே 2000ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சியை மறுமுறை நோக்கி, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என அறிவித்தது. ஆயினும் முதற்செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், வீட்டிலுள்ள பூஞ்சணத்திற்கு இத்துணை அளவு தீங்கற்றது என எல்லை வகுக்க இயலாது என்றும், ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வளராமல் தடுத்தலே செய்யத்தக்கது என்றும் கூறுகின்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனமும், கண்ணுக்குத் தெரியுமாறு பூஞ்சணம் வளர்ந்துள்ள வீட்டில் காற்றைப் பிடித்துச் சோதித்தல் பெரும்பாலும் தேவையற்றது என்கின்றது. பெயர் எதுவாயினும் மருந்து ஒன்றே: நீரை நிறுத்துக, வளர்ந்ததை அகற்றுக. ஆகவே, சோதனைச்சாலைக் கட்டணமாய்ச் செலவிடும் பணத்தை ஓடு மாற்றுதற்குச் செலவிடுதல் அறிவுடைமை.

இதனால் பூஞ்சணம் தீங்கற்றது எனக் கொள்ளற்க. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோர்க்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா மிகுதல், மூக்கடைப்பு ஆகியன கூடுதலாய்க் காணப்படுகின்றன என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிபு. ஆஸ்துமா உள்ள குழந்தை, முதியோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரை அவ்வறையினின்று வேறறைக்கு மாற்றுதல் உடனே செய்யத்தக்கது. வீட்டை விட்டு வெளியே சென்றால் இளைப்புத் தணிந்து, திரும்பினால் மிகுகின்றதா என்பதையும் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுக. அக்குறிப்பு அவர்க்குப் பெருந்துணையாகும். உணவுப்பொருள் வேறு வழக்கு. பூஞ்சணம் பூத்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் வெயிலில் உலர்த்தித் துடைத்துப் பயன்படுத்துதல் ஆகாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதற்குத் தீவனக் கடலைப்பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என ஆராய்ந்து கண்டனர். அந்நஞ்சிற்கு அஃபிளாடாக்ஸின் என்று பெயர். அது சமைத்தாலும் முற்றும் அழிவதில்லை.

அகற்றும் முறையைச் சுருங்கக் கூறுவோம். பூஞ்சணம் மூன்றடிக்கு மூன்றடி அளவிற்குள் இருப்பின் வீட்டாரே அகற்றலாம். மூக்கும் வாயும் மூடி, கையுறை அணிந்து, சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, முற்றும் உலர்த்தவேண்டும். உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டுதல் வித்துக்களை வீடெங்கும் விதைப்பதாகும். நனைந்து மக்கிய பாய், மெத்தை, காகித அட்டை முதலியவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். பரப்பு மிகுந்திருந்தாலும், கழிவுநீர் கலந்த வெள்ளம் புகுந்திருந்தாலும், உத்தரம் இற்றிருந்தாலும் கைதேர்ந்தவரை அழைக்க. அப்பொழுதும் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுக. சுவர் உலருமுன் அதன்மேல் பிளாஸ்டிக்கு வர்ணம் பூசுதல், முன்கூறிய ஈரக்காய் மூட்டையைக் கட்டுவதே. பழைய சுண்ணாம்புப்பூச்சு நீராவியை வெளியே விடும். புதுச்சுண்ணாம்பின் காரமும் பூஞ்சணத்திற்கு ஒவ்வாதது. இதனை நம் பாட்டனார் நூல் படித்து அறிந்தாரில்லை. ஆண்டுதோறும் பொங்கலுக்குமுன், மழைக்காலம் முடிந்த கையோடு வெள்ளையடித்தனர். சன்னல் திறப்பதிலும் முறை உண்டு. வெளிக்காற்று வீட்டுக்காற்றினும் வறண்டிருக்கும் நண்பகலில் திறந்து, மூடுபனி இறங்கும் மாலையில் அடைத்தல் வேண்டும். மலைமேல் நாள்முழுதும் திறந்து வைப்பது பனியை விருந்துக்கு அழைப்பதாகும்.

சொந்த வீடு உடையார்க்கு இவையெல்லாம் எளிது. தோட்டத்து லயங்களில் வாழும் தொழிலாளருக்கும், ஊரில் வாடகைக்கு இருப்போருக்கும் சுவர் பிறருடையது. செப்பனிடும் அதிகாரம் அவர்க்கு இல்லை. அடுப்புப் புகையும் துணி உலர்த்துவதுமே காரணம் என உடையவர் கூறுவதும், கூரையே காரணம் என இருப்பவர் கூறுவதும் வழக்கம். இருபுறமும் மெய் இருக்கக்கூடும். இவ்வழக்கில் குறிப்பேடும் பென்சிற்கோடும் பாலித்தீன் தாளும் சாட்சியாய் நிற்கும்: தாளின் சுவர்ப்புறம் நனைந்ததென்றால் அடுப்பின்மேல் பழிசுமத்த இயலாது, அறைப்புறம் நனைந்ததென்றால் கூரையின்மேலும் இயலாது. உடையவரை அழைத்து, அவர் கண்முன்னே தாளை ஒட்டி, இரண்டாம் நாள் அவர் கையாலேயே பிரிக்கச் செய்தல் நலம். செப்பனிட்ட பின்னர், புதுப்பூச்சின்மேல் பழைய கறை இருந்த இடத்தை நிழற்படத்தின் துணைகொண்டு அளந்து மீண்டும் ஒரு மெல்லிய கோடிட்டு வைக்கவேண்டும்; வேலைக்குரிய கூலியின் ஒரு பகுதியை அடுத்த வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்திவைப்பதாக முன்னரே பேசிக்கொள்ளுதலும் பொருந்தும்.